இரையாத பெட்டி

புது ஸ்பீக்கர் வாங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஹோட்டல் மேனேஜர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இசைக் குழுவை மாடி ஹாலுக்கு வரச் சொன்னார். மேசைகள்மேல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒருவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அவரைக் கையமர்த்தி நிறுத்தினார். ஒலி மிக்ஸரைப் போடச் சொன்னார். பிறகு பேஸ் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொன்னார்.

"யாரும் எதையும் தொடாதீங்க. கேளுங்க."

கேட்டார்கள். உம்ம்ம் என்று ஒரு சத்தம் வந்தது. தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. துடைப்பவர் குனிந்து பார்த்தார்.

"போன சனிக்கிழமை ஒரு அம்மா, ஃப்ரிட்ஜை எதுக்கு ஹாலுக்குள்ள வெச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. இல்லம்மா, அது கச்சேரின்னு சொன்னேன்."

"இது எப்பவும் இருக்கிறதுதானே சார்," என்றார் கீபோர்டு வாசிப்பவர்.

"இருந்திருக்கும். பழைய ஸ்பீக்கருக்குக் காது கேக்கல. புதுசுக்குக் கேக்குது. சனிக்கிழமைக்குள்ள நிக்கணும். இல்லேன்னா நான் பென் டிரைவ்ல பாட்டு போட்டுக்கிறேன். பென் டிரைவ் இரையாது. சாப்பாடும் கேக்காது."

துடைப்பவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

குழு என்று பெயர்தான். கீபோர்டு வாசிப்பவர் தலைவர். அவருடைய தங்கை பாட்டு. தங்கையின் கணவன் பேஸ் கிட்டார். அவனைக் குழுவில் எல்லாரும் பேஸ் என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வரும் தபால்காரரும் அப்படித்தான் கூப்பிட்டார். அவனுக்குத் தலைவர் மச்சான். ஒலி பார்ப்பவர் கழுத்தில் எப்போதும் நாலைந்து ஒயர்கள் மாலையாகத் தொங்கும். அவர் பெயர் ஒயர்.

முன்பு குழு பெரியது. கீபோர்டில் டிரம்ஸ் பொத்தான் வந்தது, டிரம்ஸ்காரர் போனார். வயலின் பொத்தான் வந்தது, வயலின்காரர் போனார். புல்லாங்குழல்காரர் மட்டும் பொத்தானால் போகவில்லை. சுருதி சேரவில்லை என்று அனுப்பப்பட்டார். இப்போது மச்சானின் இடது கைக்கு வேலை குறைவு. மேடையில் அது சும்மா இருக்கும்போதெல்லாம் பேஸ் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அது மெல்ல, பேஸ் கிட்டாரின் கனத்த சத்தம் தரும் கீழ்க்கட்டைகள் பக்கம் நகரும். அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகு திரும்பி வரும்.

மாடிப்படி இறங்கும்போது மச்சான் அவன் தோளில் கை போட்டார்.

"மாப்ளே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மச்சான்."

"இரையறது நீ."

"ஆம்ப்ளிஃபயர் மச்சான்."

"யாரோட ஆம்ப்ளிஃபயர்? என் ஆம்ப்ளிஃபயர் இரையுதா?"

"உங்களுக்கு ஆம்ப்ளிஃபயரே கிடையாதே."

"அதைத்தான் சொல்றேன்." அடுத்த படிக்கட்டில் நின்றார். "சனிக்கிழமைக்குள்ள அது நிக்கலேன்னா என் இடது கை பாத்துக்கும். நீ கீழ முதல் வரிசையில உட்காந்து நிம்மதியா சாப்பிடு. குடும்பம்தானே, வேத்து ஆளா?"

பேஸ் தலையாட்டினான். கிட்டார்ப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஒயர் பின்னால் வந்தார். "இதுக்குப் போய் குடும்பத்தை எல்லாம் இழுக்கறீங்களேண்ணே. ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிப் போட்டா தீந்துது."

"அது என்ன பண்ணும்?" என்றான் பேஸ்.

"கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவுல உட்காரும். இப்ப உங்க ஆம்ப்ளிஃபயர்லயும் எர்த்து இருக்கு, மிக்ஸர்லயும் எர்த்து இருக்கு. ரெண்டு வழி இருந்தா கரன்ட்டு பொழுதுபோகாம சுத்திக்கிட்டே இருக்கும். அதான் அந்தச் சத்தம். பெட்டி அதை நிறுத்திட்டு, பாட்டை மட்டும் உள்ள விடும்."

"வாசல்ல செக்யூரிட்டி மாதிரி," என்றார் மச்சான்.

"அதேதான்."

"செக்யூரிட்டி தூங்கிட்டா?"

"தூங்குற பெட்டியும் உண்டு, முழிச்சிருக்கிற பெட்டியும் உண்டு. கடையில சொல்வாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பேஸின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். இடது கையைப் பற்றியும் சொன்னான். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தப் பெட்டி என்ன கலர்?"

"கறுப்பா இருக்கும்."

"அப்ப சரி. மேடையில கண்ணை உறுத்தாது."

பேஸ் நிலைப்படியில் சாய்ந்தான். "நான் வாசிக்கிறது உனக்குக் கேக்குமா? மேடையில."

அவள் யோசித்தாள். "நீங்க பின்னால இருக்கீங்கன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும். ஒரு தைரியம். கண்ணை மூடினா காலுக்குக் கீழ தரை இருக்கிற மாதிரி." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது. தட்டுகளை எடுத்து வைத்தான்.

மறுநாள் அவன் போன இசைக்கருவிக் கடை ஒரு குறுகலான கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கிட்டார்கள் தொங்கின. கண்ணாடி மேசைக்குப் பின்னால் கடைக்காரர் ஒயர் முனையில் சொருகும் ஒரு ஜாக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ் விஷயத்தைச் சொன்னதும் ஜாக்கைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா இரையுது?"

"எட்டு வருஷமா இருக்கும்."

"இவ்வளவு நாள் விட்டு வெச்சிருக்கீங்க." வருத்தத்துடன் தலையை ஆட்டினார். "போட்டதுமே இரையுதா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"போட்டதுமே."

"கம்பியைத் தொட்டா?"

"கொஞ்சம் அடங்கும்."

"வேற யாராவது தொட்டா?"

"வேற யாரும் தொட்டதில்ல."

கடைக்காரர் நாலு பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் செங்கல் அளவு. எல்லாம் கறுப்பு. பேஸ் ஒன்றைத் தூக்கினான். செங்கல்லைவிடக் கனமாக இருந்தது.

"இந்த ரெண்டும் முழிச்சிருக்கிற பெட்டி. பேட்டரி கேக்கும், இல்லேன்னா மிக்ஸர்லேருந்து கரன்ட்டு கேக்கும். அந்த ரெண்டும் தூங்குற பெட்டி. உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு, அவ்வளவுதான். எதுவும் கேக்காது. உங்க கிட்டாருக்குள்ள பேட்டரி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கிட்டார் முழிச்சிருக்கு. பெட்டி தூங்கலாம். ஒரு வீட்டுல ரெண்டு பேர் முழிச்சிருந்தா சண்டை வரும்."

"கிட்டாருக்குள்ள பேட்டரி இல்லேன்னா?"

"அப்ப பெட்டி முழிச்சிருக்கணும். ரெண்டும் தூங்கினா சத்தம் மந்தமாப் போயிடும். சில பேருக்கு அதுவும் பிடிக்குது. நான் ஏன் குறுக்க வரணும்?"

பேஸ் கொண்டுவந்த கிட்டாரை ஒயரால் தூங்குகிற பெட்டி ஒன்றில் சொருகினார். பெட்டியிலிருந்து கடையின் மிக்ஸருக்கு இன்னொரு ஒயர். பக்கத்து மேசையில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்தார். உம்ம்ம் வந்தது. பேஸுக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது.

"இதுதானே?"

"இதேதான்."

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச். கடைக்காரர் அதை நகத்தால் தள்ளினார். உம்ம்ம் போய்விட்டது.

அறையில் வேறு சத்தங்கள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறி. கீழே தெருவில் ஒரு பைக். கடைக்காரரின் மூச்சு.

"வாசிங்க," என்றார்.

பேஸ் ஒரு கம்பியை மீட்டினான். சத்தம் எழுந்தது, நின்றது, மெல்லத் தேய்ந்தது, முடிந்தது. ஒரு சுரம் எங்கே முடிகிறது என்று அவன் அதுவரை கேட்டதில்லை. எப்போதும் அது போய் உம்ம்முக்குள் விழுந்துவிடும். இன்னொன்று மீட்டினான். பிறகு இன்னொன்று. தவறாக வைத்த விரல்கூடத் தெளிவாகக் கேட்டது. அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது. கடைக்காரர் ஜாக்கைப் பற்றவைக்கத் திரும்பிப் போனார். பேஸ் நெடுநேரம் வாசித்தான். ஒரு வாடிக்கையாளர் வந்து, கேட்டு, கிட்டார் கம்பி வாங்கிக்கொண்டு போனார்.

தூங்குகிற பெட்டிகளில் கனமானதை எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாலை ஒத்திகை. மச்சான் வீட்டுக் கார் நிறுத்தும் அறைதான் ஒத்திகை அறை. கார் தெருவில் நிற்கும். பேஸ் பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்தான். ஒயர் அதைச் சொருகி சுவிட்சைத் தள்ளினார்.

மச்சான் காதைச் சாய்த்தார். "நின்னுடுச்சு." கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததுபோல் தெரிந்தது. "பரவாயில்ல மாப்ளே. சரி, ஆரம்பிப்போம்."

எப்போதும்போல் முதலில் கீபோர்டுக்குச் சுருதி சேர்த்தார். கீபோர்டின் ஓரத்தில் அதற்கென்று ஒரு குமிழ் உண்டு. மற்றவர்கள் அதைத் தொடுவதில்லை. மச்சானுக்கு ஒரு கொள்கை இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சுருதி உண்டு, காது உள்ளவனுக்கு அறையே அதைச் சொல்லும் என்பார். கண்ணை மூடி, அறையைக் கேட்டு, குமிழைத் திருகி நிறுத்துவார். எந்த அறைக்குப் போனாலும் குமிழ் ஒரே இடத்தில் வந்து நின்றது. அது தன் காதின் பெருமை என்று நினைத்திருந்தார்.

அன்று கண்ணை மூடினார். குமிழைத் திருகினார். நின்றார். திரும்பவும் திருகினார். கண்ணைத் திறந்தார்.

"இந்த ரூம் பேசல."

"உங்க வீட்டு ரூம்தானேண்ணே," என்றார் ஒயர்.

"இன்னிக்கு என்னமோ கோபமா இருக்கு. பாப்பா, நீ ஆரம்பி. நான் பிடிச்சுக்கிறேன்."

பேஸின் மனைவி மைக்கை வாங்கினாள். கண்ணை மூடினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாயை மூடித் தண்ணீர் குடித்தாள். மறுபடியும் ஆரம்பித்தாள். முதல் அடி ஓரிடத்தில் நின்றது. இரண்டாம் அடி வேறோர் இடத்தில் நின்றது. மச்சான் குமிழோடு அவளைத் துரத்தினார். பேஸ் இருவரையும் துரத்தினான். மூன்று பேரும் மூன்று தெருவில் போய்ச் சேர்ந்தார்கள்.

"நிறுத்துங்க," என்றாள். "நான் எங்க இருக்கேன்னே தெரியல."

ஒயர் எதையோ யோசித்தார். கைபேசியில் சுருதி காட்டும் ஆப் ஒன்றைத் திறந்தார். பெட்டியின் சுவிட்சைப் பழையபடி தள்ளினார். உம்ம்ம் வந்தது. கைபேசியின் முள் நகர்ந்து இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தக் கட்டையும் இல்லாத இடத்தில் போய் நின்றது.

"அண்ணே, இப்ப சுருதி சேருங்க."

மச்சான் கண்ணை மூடினார். அறை பேசியது. குமிழ் நின்றது. ஒயர் உம்ம்மை நிறுத்திவிட்டுக் கீபோர்டைச் சோதித்தார். முள் அதே நடு இடத்தில் நின்றது.

"அண்ணே," என்றார். "நீங்க இத்தனை வருஷமா கரன்ட்டுக்குச் சுருதி சேத்திருக்கீங்க."

மச்சான் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லா ஹால்லயும் ஒரே சுருதி வந்துச்சே," என்றார் மச்சான்.

"எல்லா ஹாலுக்கும் ஒரே கரன்ட்டுதாண்ணே."

"அந்தப் புல்லாங்குழல்?"

"அவர் சரியாத்தான் வாசிச்சிருக்காரு."

மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஜெனரேட்டர்ல ஓட்டினோமே ஒரு தடவை. அன்னிக்குப் பாப்பாவுக்குத் தொண்டை இறங்கிடுச்சே."

"ஜெனரேட்டர் மெதுவா ஓடியிருக்கும். சுருதியும் கூடவே இறங்கியிருக்கும்."

"நான் ஒரு வாரம் உப்புத் தண்ணி கொப்பளிச்சேன்," என்றாள் பேஸின் மனைவி.

ஊருக்கெல்லாம் பொதுவான சுருதியில் பாடிப் பார்க்கச் சொன்னார்கள். மச்சான் குமிழை நேராக வைத்தார். அவள் ஒரு பாட்டு முழுவதும் பாடினாள். தவறு ஒன்றும் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார் ஒயர்.

"யாரோட செருப்பையோ மாட்டிக்கிட்டு நடக்கிற மாதிரி இருக்கு."

பேஸ் கம்பிகளின்மேல் கையை வைத்தபடி நின்றான். காலுக்குக் கீழே தரை என்று அவள் சொன்னது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. அது நின்றதும் அவளுக்குத் தைரியம் போய்விட்டது. அவன் போகவில்லை. கிட்டாரோடு அவளுக்கு இரண்டடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

மச்சான் எழுந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். "ஒண்ணும் கவலை இல்ல. இந்தப் பெட்டி இருக்கட்டும். கூடவே இரையற பெட்டி ஒண்ணு வாங்குவோம்."

"மேனேஜர்?" என்றான் பேஸ்.

"ஹாலுக்குக் கேக்கக் கூடாது. பாப்பாவுக்கு மட்டும் கேக்கணும். அவ காலுகிட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் வெச்சா முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை நாலு பேரும் கடைக்குப் போனார்கள். பேஸ் கிட்டாரையும் பெட்டியையும் சுமந்தான். கடைக்காரர் பெட்டியைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார்.

"இரையுதா?"

"இரையல," என்றார் மச்சான்.

"அப்புறம் என்ன?"

"அதுதான் பிரச்சினை."

கடைக்காரர் பேஸைப் பார்த்தார். பேஸ் சுவரில் தொங்கிய ஒரு கிட்டாரைப் பார்த்தான்.

"நல்லா இரையற பெட்டி ஒண்ணு வேணும்," என்றார் மச்சான். "சும்மா ஏதோ ஒண்ணைத் தள்ளிவிடாதீங்க. நிதானமான இரைச்சலா இருக்கணும். பாடறவங்க கேட்டுப் பாடணும்."

கடைக்காரர் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். பழுதென்று திரும்பி வந்த பெட்டிகள் அதில் குவிந்திருந்தன.

"எல்லாமே இரையும். உத்தரவாதம் உண்டு."

ஒவ்வொன்றாகச் சொருகினார்கள். மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"இது கரகரங்குது. சளி பிடிச்ச மாதிரி."

"இது?"

"இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுநடுவுல எதையோ நினைச்சுக்குது."

"சுருதி எல்லாம் ஒண்ணுதாண்ணே," என்றார் ஒயர். "கரன்ட்டு ஒண்ணுதானே."

"சுருதி ஒண்ணு, குணம் வேற. உனக்கு அது புரியாது. பாப்பா, இதைக் கேளு."

"கொஞ்சம் அழற மாதிரி இருக்குண்ணா."

"வேண்டாம், எடுங்க. சாப்பிடற இடத்துல அழுகை எதுக்கு?"

கடைசியில் ஒரு பெட்டி வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தது. சுவிட்ச் இருந்த இடத்தில் ஓட்டை. அதைச் சொருகியதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். உருண்டையான, கனிந்த உம்ம்ம். கண்ணாடி மேசை மெல்ல அதிர்ந்தது.

பேஸின் மனைவி கண்ணை மூடினாள். யாரும் சொல்லாமலே பாடத் தொடங்கினாள். குரல் வழுக்காமல் போய் நின்றது. மச்சானின் இடது கை கண்ணாடி மேசையின்மேல் தானாக நகர்ந்தது. கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அவள் பாடி முடித்தாள். பெட்டி முடிக்கவில்லை.

"இது போதும்," என்றார் மச்சான்.

"அப்ப நான்?" என்றான் பேஸ்.

அவன் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கிட்டார் உறைக்குள்ளேயே இருந்தது. அவள் பாடியபோது அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

"நீ பெட்டியைத் தூக்கிட்டு வரணுமே மாப்ளே," என்றார் மச்சான். சமாதானமாகத்தான் சொன்னார்.

ஒயர் தொண்டையைச் செருமினார். "ஒரு சிக்கல் இருக்குண்ணே. தங்கச்சி காலுகிட்ட இது இரைஞ்சா, அவங்க மைக் அதை வாங்கி ஹாலுக்கு அனுப்பிடும். மேனேஜருக்குக் கேக்கும்."

"மைக் அதை வாங்காம பண்ண முடியாதா?"

"பண்ணலாம். பாட்டும் வராது."

மச்சான் நசுங்கிய பெட்டியைப் பாசத்துடன் பார்த்தார். கடைக்காரர் மற்றப் பெட்டிகளை அட்டைப்பெட்டிக்குள் போட ஆரம்பித்தார்.

பேஸ் உறையைத் திறந்தான். கிட்டாரை எடுத்து, தான் வாங்கிய பெட்டியில் சொருகினான். இரையாத பெட்டி. நசுங்கிய பெட்டி அந்தப் பக்கம் உம்ம்ம் என்று இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே மேலிருந்து இரண்டாவது கம்பியை மீட்டி அதன் திருகைத் தளர்த்தினான். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று முட்டின. முட்டல் மெதுவானது. பிறகு இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்து நின்றன. குனிந்து நசுங்கிய பெட்டியின் ஒயரைப் பிடுங்கினான்.

அவன் கம்பி மட்டும் இருந்தது. அது தேய்வதற்குள் மறுபடி மீட்டினான். தேய்வதற்குள் மறுபடி. வேறெதுவும் செய்யவில்லை.

அவன் மனைவி மச்சானைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, அதே பாட்டை முதலிலிருந்து பாடினாள். அதே இடத்தில் போய் நின்றாள்.

"இதுவும் அதே இரைச்சல்தானே?" என்றார் மச்சான். "மேனேஜர் விடுவாரா?"

"ஆள் வாசிச்சா அது வாசிப்பு," என்றார் கடைக்காரர். "பெட்டி தானா வாசிச்சா அது ரிப்பேர்."

"இவர் பாட்டு முடிஞ்சா நிறுத்துவாருண்ணா," என்றாள் அவள். "அந்தப் பெட்டியை நிறுத்தச் சொன்னா நிறுத்துமா? ரெண்டு பாட்டுக்கு நடுவுல அது பாட்டுக்கு இரைஞ்சுக்கிட்டிருந்தா நான் எப்படித் தண்ணி குடிக்கிறது?"

மச்சானுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "ஒரு நிமிஷம். அப்ப கீபோர்டுக்கு நான் எதை வெச்சுச் சுருதி சேக்கிறது?"

எல்லாரும் கிட்டாரைப் பார்த்தார்கள்.

"இவனை வெச்சா?"

ஒயர் கழுத்து ஒயர்களில் ஒரு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"சரி," என்றார் மச்சான் கடைசியில். "ஆனா ஒரே ஒரு சுரம். காதுல வாங்கிக்க மாப்ளே. அங்க இங்க ஊர் சுத்தக் கூடாது. பெட்டி என்ன பண்ணுமோ அதை மட்டும் பண்ணு."

"சரி மச்சான்."

"உங்க திறமையெல்லாம் காட்ட வேண்டாம்," என்றாள் மனைவி. "நீங்க இருந்தா போதும்."

கடைக்காரர் நசுங்கிய பெட்டியைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்தார். இப்படியும் கேட்டு வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டதல்லவா.

சனிக்கிழமை மாலை ஹால் நிரம்பியிருந்தது. மேனேஜர் சுவரோரமாக நடந்து ஒவ்வொரு ஸ்பீக்கரிடமும் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. திருப்தியாகச் சமையலறைப் பக்கம் போனார்.

மச்சான் கீபோர்டுக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். அறையைக் கேட்பவர்போல் தலையைச் சாய்த்தார். பேஸ் ஒரு தடவை மீட்டினான். குமிழ் நகர்ந்தது. இன்னொரு தடவை கேட்க மச்சானுக்கு மனம் வரவில்லை. தொண்டையைக் கனைத்தார். பேஸ் இன்னொரு தடவை மீட்டினான்.

பாட்டு தொடங்கியது. பேஸ் ஒரு சுரத்தை வாசித்தான். முதல் பாட்டு முழுவதும் அதையே வாசித்தான். இரண்டாவது பாட்டிலும் அதுதான். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே விரலால், ஒரே கம்பியை. காலடியில் கறுப்புப் பெட்டி இருந்தது. மேடையில் இப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன, ஒன்று தரையில், ஒன்று நாற்காலியில். அவன் மனைவி கண்ணை மூடிப் பாடினாள். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. மேசைகளில் சிலர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மச்சானின் இடது கை மடியில் கிடந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அவனை யாரும் குறை சொல்லவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஒரு நீண்ட அடி. அவள் அதை முடித்து மூச்சு எடுக்கும் இடத்தில் பேஸ் இடது கையின் ஒரு விரலைக் கம்பியில் அழுத்தினான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. சுரம் ஒரு படி மேலே போனது. ஒரே ஒரு மீட்டல்தான். பெட்டி அதையும் சுத்தமாக உள்ளே விட்டது. ஹால் முழுவதும் கேட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். பாடிக்கொண்டே திரும்பினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனவனைப் பார்க்கும் பார்வை அது. மச்சானும் பார்த்தார். ஒயர் மிக்ஸருக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றே பார்த்தார்.

பேஸ் விரலை எடுத்தான். தரை திரும்பியது. அவள் இன்னும் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு ஹாலின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தனை வருடங்களில் அவள் மேடையில் அவனைத் திரும்பிப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

மீதிப் பாட்டை ஒழுங்காக வாசித்தான். கைதட்டினார்கள். அவள் தண்ணீர் குடித்தாள். அடுத்த பாட்டு தொடங்கியது. பேஸ் தன் சுரத்தை மீட்டினான், தேய்வதற்குள் மறுபடி மீட்டினான், இடது கை விரலைக் கம்பிக்கு ஒரு நூலளவு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, அவள் மூச்சு எடுக்கும் இடம் வரட்டும் என்று காத்திருந்தான்.